மேட்ரிஜெல்: தசை ஸ்டெம் செல் வளர்ப்புக்கு எந்த அளவு ஏற்றது?

தசைநாருக்கும் அதைச் சுற்றிய அடிச்சவ்வுக்கும் இடையே ஒட்டிக் கிடப்பவை சாட்டிலைட் செல்கள், அதாவது தசையின் ஸ்டெம் செல்கள். 1961-இல் அலெக்சாண்டர் மௌரோ இவற்றை விவரித்தார். காயம் பட்டால் இவை விழித்துப் பெருகும். பெரும்பகுதி இணைந்து நாராகும், மீதி, ஸ்டெம் செல்லின் அடையாளமான பேக்ஸ்7 புரதத்தைக் கைவிடாமல் மறுபடி உறங்கப் போகும். அந்த அடிச்சவ்வுக்கு ஆய்வகத்தில் மாற்றுதான் மேட்ரிஜெல்: எலியின் புற்றுக்கட்டியிலிருந்து எடுக்கும் கூழ், அடிச்சவ்வில் உள்ள லாமினின் என்ற புரதம் நிறைந்தது. இதை வளர்ப்புத் தட்டில் பூசி அதன்மேல் செல்களை வளர்ப்பார்கள்.

செல்கள் இதில் அருமையாக ஒட்டும். கையாள்வதுதான் கடினம். 10 டிகிரி செல்சியஸைத் தாண்டினாலே கெட்டியாகத் தொடங்கும். முந்தைய இரவே 4 டிகிரியில், ஐஸில் புதைத்து உருகவிடுங்கள். பிப்பெட் முனை, குழாய், வளர்ப்பு ஊடகம் எல்லாமே சில்லென்று இருக்கட்டும். இல்லையென்றால் பூச்சு திட்டுத்திட்டாகி, செல்கள் அங்கங்கே குவியும். உருகியதைச் சிறு பங்குகளாகப் பிரித்து உறைய வையுங்கள்.

தயாரிப்புத் தொகுதிக்குத் தொகுதி (batch) புரத அளவு மாறுவது பெரிய குறை. ஓர் ஆய்வு முடியும்வரை ஒரே தொகுதி எண்ணை வாங்குங்கள். இன்னொன்று, மெல்லிய பூச்சுக்கு அடியில் இருப்பது கடினமான பிளாஸ்டிக். தசை ஸ்டெம் செல் ஆய்வாளர் ஹெலன் பிளாவ் குழுவின் 2010 ஆய்வில், தசையைப் போன்ற 12 கிலோபாஸ்கல் விறைப்புள்ள மென்கூழில் (hydrogel) வளர்ந்த செல்களே தம்மைப் புதுப்பிக்கும் திறனைக் காத்தன. நார் உருவாவதைப் பார்க்க மேட்ரிஜெல் பூச்சு போதும். எலிக்குள் செலுத்தப்போகும் செல்களுக்கு மென்கூழே சரி.