டெல்டாவில் பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி: சேருமுன் ஒப்பிட வேண்டியது கட்டடத்தையா, முதலாண்டு விதிகளையா?

பிளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டால் தஞ்சை, திருவாரூர், மயிலாடுதுறைப் பக்கம் வீட்டுக்கு வீடு இதே பேச்சுதான். "பொண்ணு கெமிஸ்ட்ரி எடுக்கணும்ங்கிறா, எங்க சேர்க்கலாம்?" மாமா ஒரு கல்லூரியைச் சொல்வார், டியூஷன் சார் வேறொன்றைச் சொல்வார். கட்டடம் எப்படி, பஸ் உண்டா, ஃபீஸ் எவ்வளவு, படித்தால் வேலை கிடைக்குமா என்று எல்லாம் விசாரிப்பார்கள். முதல் வருஷத்து விதிகளை மட்டும் யாரும் விசாரிப்பதில்லை. எத்தனை நாள் வர வேண்டும், இன்டர்னல் எப்படிப் போடுவார்கள், கேள்வித்தாள் யார் எடுப்பது, ஒரு நாள் லேபுக்கு வராமல் போனால் என்ன ஆகும்? மூன்று வருஷமும் எப்படிப் போகும் என்பதை இவைதான் பெரும்பாலும் முடிவு செய்கின்றன.

இங்கே மூன்று வகை உண்டு. முதல் வகை, பல்கலைக்கழகத் தேர்வை நேரடியாக எழுதும் இணைப்புக் கல்லூரி. சிறிய ஊர்களில் இருக்கும் அரசுக் கல்லூரிகளும் சுயநிதிக் கல்லூரிகளும் பெரும்பாலும் இப்படித்தான். இரண்டாவது தன்னாட்சிக் கல்லூரி. கும்பகோணம் அரசு ஆடவர் கல்லூரி, தஞ்சாவூர் குந்தவை நாச்சியார், பூண்டி புஷ்பம், மன்னம்பந்தல் ஏ.வி.சி. எல்லாம் இந்தக் கணக்கு. பட்டம் தருவது பல்கலைக்கழகம்தான். ஆனால் தேர்வு நடத்துவதும் தாள் திருத்துவதும் கல்லூரி. மூன்றாவது, நீலக்குடியில் இருக்கும் மத்தியப் பல்கலைக்கழகம்.   

பாடத்திட்டத்தை வைத்து ஒப்பிடலாம் என்றால் முதல் இரண்டு வகைக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. 2023-24 முதல் மாநில உயர்கல்வி மன்றத்தின் மாதிரிப் பாடத்திட்டம் வந்த பிறகு முதலாண்டுப் பாடம் ஏறக்குறைய ஒன்றாகிவிட்டது. அணு அமைப்பு, பிணைப்பு, கரிம வேதியியலின் அடிப்படை, லேபில் டைட்ரேஷன் (ஒரு கரைசலைச் சொட்டாக விட்டு இன்னொன்றின் அளவைக் கண்டுபிடிப்பது). ஆகவே விதிகளைத்தான் பார்க்க வேண்டும்.

முதலில் வருகைப்பதிவு. ஒரு செமஸ்டருக்கு 90 வேலை நாள், அதில் 75 விழுக்காடு வர வேண்டும். அதாவது 68 நாள். மீதி 22 நாள் கையிருப்பு. 65-க்கும் 75-க்கும் நடுவில் இருந்தால் கன்டோனேஷன் கட்டணம் கட்டி ஹால் டிக்கெட் வாங்கிக்கொள்ளலாம் என்பது இங்கே பொதுவான நடைமுறை. அதற்கும் கீழே போனால் அந்தத் தேர்வை அந்த செமஸ்டரில் எழுத முடியாது. இதில் மூன்று வகைக்கும் எழுத்தில் பெரிய வேறுபாடு இல்லை, கடைப்பிடிப்பதில்தான் இருக்கிறது. எந்தக் கல்லூரி கறார், எது தளர்வு என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளச் சீனியர் மாணவர்களைவிட நல்ல ஆள் கிடையாது.

அடுத்து தேர்வு. இணைப்புக் கல்லூரியில் இன்டர்னல் 25, வெளித்தேர்வு 75. இன்டர்னலில் இரண்டு டெஸ்ட், ஒரு அசைன்மென்ட், ஒரு செமினார் என்று ஏதோ ஒரு கலவை இருக்கும். வெளித்தேர்வில் 75-க்கு 30 எடுத்தே ஆக வேண்டும். அது வராவிட்டால் இன்டர்னலில் முழு மதிப்பெண் வைத்திருந்தும் அரியர்தான். பாரதிதாசன் பல்கலைக்கழகத்தின் வழக்கமான வினாத்தாளைப் பாருங்கள். 'அ' பகுதியில் அலகுக்கு இரண்டாக, இரண்டு மதிப்பெண் கேள்வி பத்து. 'ஆ' பகுதியில் அலகுக்கு ஒன்றாக, ஐந்து மதிப்பெண் கேள்வி ஐந்து, ஒவ்வொன்றிலும் அதே அலகிலிருந்து 'அல்லது' உண்டு. 'இ' பகுதியில் அலகுக்கு ஒன்றாக ஐந்து கேள்வி கொடுத்து மூன்றை எழுதச் சொல்வார்கள், ஒவ்வொன்றும் பத்து. இப்போது ஒரு கணக்குப் போடுவோம். மழை விடுமுறையில் ஓர் அலகு நடத்தவே இல்லை, மாணவரும் அதைத் தொடவில்லை என்று வைத்துக்கொள்வோம். 'அ'-வில் 4 போகும், 'ஆ'-வில் 5 போகும், 'இ'-யில் ஒன்றும் போகாது. இன்னும் 66 மதிப்பெண்ணுக்கு எழுத இடம் இருக்கிறது. இவ்வளவு மன்னிக்கிற தாள் அது. ஆனால் திருத்துகிறவர் யாரோ எவரோ. பிள்ளையின் முகம் அவருக்குத் தெரியாது. உள்ளூர்ச் சலுகையும் கிடையாது, உள்ளூர்க் கோபமும் கிடையாது. இந்த வகைக்கு உள்ள பெரிய பலம் அதுதான் என்பேன்.

தன்னாட்சியில் பாடம் எடுத்தவருக்கும் கேள்வித்தாளுக்கும் இடைவெளி குறைவு. வகுப்பில் எதை அழுத்திச் சொன்னார்களோ அது தாளில் வரும், ரிசல்ட்டும் சீக்கிரம் வந்துவிடும். அதன் மறுபக்கம், துறை ஓர் அலகை மேலோட்டமாக நடத்தினால் தாளும் அதை மேலோட்டமாகத்தான் கேட்கும். பிள்ளை நல்ல மதிப்பெண்ணோடு வெளியே வந்துவிடும். எம்.எஸ்ஸி. நுழைவுத் தேர்வு எழுதப் போகும்போதுதான் ஓட்டை தெரியும். துறை வலுவாக இருந்தால் தன்னாட்சிதான் மிகச் சிறந்தது, வலு இல்லையென்றால் அதைவிட மோசம் வேறில்லை. இதை நடுவாந்திரமாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

அரியர் முறையைப் பற்றி நம்மவர்கள் ரொம்பத்தான் பயப்படுகிறார்கள். கும்பகோணம் கல்லூரியில் 1904-ல் சேர்ந்த ராமானுஜன் கணக்கைத் தவிர மற்றதில் கோட்டைவிட்டு உதவித்தொகையை இழந்தார். அன்றைய எஃப்.ஏ. (கல்லூரியின் முதல் இரண்டு வருஷப் படிப்பு) தேர்வில் ஒரு பாடம் போனால் மொத்தமும் போச்சு. இன்றைக்கு ஒரு தாள் போனாலும் அடுத்த செமஸ்டருக்குப் போகலாம், போன தாளைத் திரும்ப எழுதலாம். துணைப்பாடமான அலைடு மேத்ஸில் அரியர் வைத்துக்கொண்டே கெமிஸ்ட்ரியில் முதல் வகுப்பு எடுப்பவர்களைப் பார்க்கிறோம்.

மத்தியப் பல்கலைக்கழகத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், ஏனென்றால் அது வேறு உலகம். 2022 முதல் க்யூட் (CUET) என்ற தேசிய நுழைவுத் தேர்வு எழுதித்தான் உள்ளே போக முடியும். வகுப்பு முழுக்க ஆங்கிலம், பக்கத்து பெஞ்சில் கேரளத்துப் பிள்ளை இருப்பார். இன்டர்னலுக்கு எடை கூடுதல் என்பதால் கடைசி மாதத்தில் விழுந்து விழுந்து படித்து ஒப்பேற்றுவது அங்கே நடக்காது. செமஸ்டர் தொடங்கியதிலிருந்தே டெஸ்ட், அசைன்மென்ட் என்று ஓடிக்கொண்டிருக்கும். விடுதியில் இருக்க வீடு சம்மதித்து, ஆங்கிலத்தில் எழுதும் தைரியமும் இருந்தால் யோசிக்காமல் சேர்க்கலாம். தமிழ்வழியிலேயே படித்து வந்த பிள்ளைக்கு ஒரு கணக்கு உண்டு. தமிழ்வழியில் படித்தவர்களுக்கு மாநில அரசு வேலையில் 20 விழுக்காடு முன்னுரிமை இருக்கிறது. பள்ளியிலிருந்து பட்டம் வரை தமிழ்வழியில் படித்திருக்க வேண்டும் என்று 2020 திருத்தம் சொல்கிறது. டி.என்.பி.எஸ்.சி. கனவு இருக்கிற வீடு இதை மறந்துவிட்டு மீடியத்தை மாற்றக் கூடாது.

இனி லேப். மற்றதை எல்லாம் ஒரு தட்டில் வைத்தாலும் நான் இதைத்தான் பார்ப்பேன்.

முதல் செமஸ்டர் லேபில் செய்வது பிளஸ் டூவில் கைபட்ட அதே பெர்மாங்கனேட் டைட்ரேஷன்தான். ஆக்ஸாலிக் அமிலத்தை பிப்பெட்டில் 20 மில்லி எடுத்து, நீர்த்த கந்தக அமிலம் ஊற்றி, 60-லிருந்து 70 டிகிரி வரை சூடாக்கி, ப்யூரெட்டிலிருந்து (அளவுக்கோடு போட்ட நீளக் கண்ணாடிக் குழாய்) பெர்மாங்கனேட்டைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். முதல் சில சொட்டு நிறம் போக நேரம் எடுக்கும். பிறகு உருவாகும் மாங்கனீஸ் அயனியே வினையை வேகப்படுத்துவதால் கடகடவென்று நிறம் மறையும். அமிலம் குறைந்தால் பழுப்பாகக் கலங்கிவிடும். அந்த ஃபிளாஸ்க்கைக் கொட்டிவிட்டு மறுபடி தொடங்க வேண்டியதுதான். பெர்மாங்கனேட்டின் நிறம் அடர்த்தி என்பதால் ப்யூரெட்டில் கீழ் வளைவு தெரியாது, மேல் விளிம்பைத்தான் படிக்க வேண்டும். இதையெல்லாம் புத்தகத்தில் படித்தால் இரண்டு நிமிஷம். கைக்கு வர நாலைந்து லேப் ஆகும்.

பள்ளிக்கும் கல்லூரிக்கும் வித்தியாசம் மதிப்பெண் போடும் முறையில் இருக்கிறது. பல கல்லூரிகளில் விடை 2 விழுக்காட்டுப் பிழைக்குள் இருந்தால் முழு மதிப்பெண், அதைத் தாண்டினால் படிப்படியாக இறங்கும். 20 மில்லியில் 2 விழுக்காடு என்பது 0.4 மில்லி. ஒரு சொட்டு சுமார் 0.05 மில்லி. ஆக எட்டுச் சொட்டுக்குள் இருந்தால் முழு மதிப்பெண். முடிந்தது என்பதற்கு அடையாளமான இளஞ்சிவப்பு வந்த பிறகும் "இன்னும் கொஞ்சம்" என்று குழாயைத் திறந்து வைத்திருப்பவருக்கு அந்த எட்டுச் சொட்டு போவது தெரியாது.

நம் ஊர்ச் சங்கடம் இங்கேதான் வருகிறது. முதல் செமஸ்டரின் பின்பாதியும் வடகிழக்குப் பருவமழையும் ஒரே நேரம். கவுன்சலிங் முடிந்து முதலாண்டு வகுப்பு தொடங்குவதே தாமதம். அக்டோபர் வந்தால் ஆட்சியர் அறிவிக்கும் மழை விடுமுறை. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை கடந்தபோது எந்த மாதம் என்று நினைத்துப் பாருங்கள், அது செமஸ்டர் தேர்வு நேரம். சாதாரண வருஷத்திலேயே வாரம் ஒரு லேப் என்றால் பதினைந்தில் மூன்று மழையில் போகும். மீதிப் பன்னிரண்டில் நாற்று நடவு, காய்ச்சல், அக்கா கல்யாணம் என்று மூன்றுக்கு வராமல் போனால் வருகைப்பதிவில் பிரச்சினை வராது. 22 நாள் கையிருப்பில் மூன்று நாள்தானே. ஆனால் டைட்ரேஷனில் கால் பங்கு போய்விட்டது. வருகைப்பதிவு விதி இதைக் கண்டுகொள்வதே இல்லை. தியரியில் போன அலகைத் தாண்டி எழுத 'இ' பகுதியில் இடம் இருக்கிறது, லேபில் அது கிடையாது.

இந்த இடத்தில்தான் கல்லூரிக்குக் கல்லூரி வித்தியாசம் பளிச்சென்று தெரியும். சில துறைகள் சனிக்கிழமை ஒரு ஈடுசெய்யும் லேப் வைக்கின்றன. சிலவற்றில் விட்டுப்போன சோதனையைப் பக்கத்து பேட்ச்சோடு சேர்ந்து செய்துகொள்ளலாம். இன்னும் சில இடங்களில் வராதவர் தோழியின் ரெக்கார்டைப் பார்த்து ரீடிங்கை எழுதிக் கையெழுத்து வாங்கிவிடலாம். மூன்றாவது வழிதான் பிள்ளைகளுக்குப் பிடிக்கும், அதைத்தான் நான் அபாயம் என்பேன். வெளியிலிருந்து வரும் தேர்வாளர் ரெக்கார்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "ஏம்மா, இங்க எதுக்கு மேல் விளிம்பைப் படிச்சே?" என்று வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) கேட்டால் அந்த ரெக்கார்டு காப்பாற்றாது. தன்னாட்சிக் கல்லூரிக்கு இங்கே ஒரு வசதி உண்டு. நாட்காட்டி தன் கையில் என்பதால் பிராக்டிகல் தேர்வை ஒரு வாரம் தள்ளிவைக்க முடியும். இணைப்புக் கல்லூரிக்கு அந்தச் சுதந்திரம் குறைவு. மத்தியப் பல்கலைக்கழகத்தில் விடுதியும் வளாகமும் ஒன்று என்பதால் தண்ணீர் சாலையில் ஏறினாலும் லேப் எட்டுகிற தூரம்தான்.

அரசுக் கல்லூரிகளில் ஷிஃப்ட் முறை இருந்தால் அதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். முத்துப்பேட்டைப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வருகிற பெண் இரண்டாம் ஷிஃப்டில் சேர்ந்து, லேப் கடைசி வகுப்பாக விழுந்தால், ஊருக்குப் போகும் கடைசி டவுன் பஸ்ஸைப் பார்த்துக்கொண்டேதான் ப்யூரெட்டைத் திறப்பார். பெண்களுக்கு டவுன் பஸ் இலவசம்தான், ஆனால் நேரத்துக்கு வர வேண்டுமே. இது தெரிந்த துறைத் தலைவராக இருந்தால் டைம்டேபிளில் லேபை முன்னால் வைப்பார்.

என்னைக் கேட்டால்: வீட்டிலிருந்து ஒரு பஸ்ஸில் போகிற தூரத்தில் வலுவான துறையோடு தன்னாட்சிக் கல்லூரி இருந்தால் அதுதான் முதல் தேர்வு. ஐஐடி ஜாம் (எம்.எஸ்ஸி. சேர எழுதும் நுழைவுத் தேர்வு), ஆராய்ச்சி என்று பிள்ளை இப்போதே பேசினால் நீலக்குடி. வீட்டுப் பக்கத்தில் இணைப்புக் கல்லூரி மட்டும்தான் என்றால் தயங்க வேண்டாம், கேள்வித்தாள் கைகொடுக்கும். லேபை மட்டும் நீங்கள் விடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். எந்தக் கல்லூரியானாலும் அட்மிஷன் நாளில் ஆபீசில் ஃபீஸ் கட்டிய கையோடு கெமிஸ்ட்ரி லேப் வரை ஒரு நடை போய் வாருங்கள். அங்கே இருக்கும் லேப் உதவியாளரிடம் கேளுங்கள்: ஒரு பேட்ச்சுக்கு எத்தனை பேர், ஆளுக்கு ஒரு ப்யூரெட்டா இல்லை இருவருக்கு ஒன்றா, மழையில் போன லேபை எந்தக் கிழமை வைப்பார்கள்? ப்ராஸ்பெக்டஸில் இல்லாத பதில் அவரிடம் இருக்கும்.