மரியா தெரேசா தாலர் மறுஅச்சு: வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

தாலர் என்ற பழைய ஆஸ்திரிய வெள்ளி நாணயத்தைக் கையில் வைத்துப் பார்க்க ஆசைப்படுபவர்களுக்கு வியன்னா நாணயச்சாலையின் இந்த மறுஅச்சைத் தாராளமாகப் பரிந்துரைக்கலாம். ஆஸ்திரிய ராணி மரியா தெரேசா இறந்த 1780-ஆம் ஆண்டையே இன்றுவரை பொறிக்கிறார்கள். மார்பளவு உருவத்தின் கீழே உள்ள எஸ்.எஃப். எழுத்துகள், இப்போது ஜெர்மனியின் பவேரியாவில் இருக்கும் கியூன்ஸ்பர்க் ஊரின் அன்றைய நாணயச்சாலை அதிகாரிகளான ஷோபல், ஃபாபி ஆகியோரைக் குறிக்கும்.

எடை 28.07 கிராம், வெள்ளி 833.3 தூய்மை (ஆயிரத்தில் 833.3 பங்கு), மீதி செம்பு. அதாவது சுத்த வெள்ளி 23.39 கிராம்தான்; 999 வெள்ளி விலையை மொத்த எடைக்கும் போட்டால் கொடுக்காதீர்கள்.

போலி நிறைய உலவுகிறது. எடை மட்டும் சரியாக இருந்தால் போதாது. டிஜிட்டல் தராசில் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்துப் பூஜ்யமாக்குங்கள். நாணயத்தை நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் படாமல் முழுக்க அமிழ்த்துங்கள். தராசு சுமார் 2.75 கிராம் காட்ட வேண்டும். 3.2-ஐத் தாண்டினால் அது மலிவான உலோகக் கலவை. குமிழி ஒட்டியிருந்தாலும் கணக்கு கூடும், உதறிவிட்டு மறுபடி பாருங்கள். விளிம்பில் லத்தீன் வாசகம் புடைப்பாக இருக்கும். தேய்ந்து மழுங்கிய எழுத்து வார்ப்புப் போலியாக இருக்கலாம்.

தலைக்கு மேல் விளிம்பில் பற்றவைத்த தழும்பு தெரிந்தால் கழுத்தில் அணியும் பதக்கமாக இருந்து வந்தது, விலையைக் குறைத்துக் கேளுங்கள். பிவிசி பிளாஸ்டிக் உறையில் வைத்தால் பச்சைப் பிசின் படியும். பாலிஷ் போடவே வேண்டாம், இயல்பான பளபளப்போடு மதிப்பும் போய்விடும்.

பம்பாயிலும் 1940-41-ல் இதே நாணயத்தை அச்சடித்தார்கள். சேகரிப்பவர்கள் அதைத் தேடுவது தகும்.