மரணசாசன வழக்குக்கு நாங்கள் பிடித்த கிளிநொச்சி லோயர்

சட்டத்தரணிகள் விளம்பரம் செய்யக் கூடாது என்று தொழில் விதி இருப்பதால் பெயரைப் போடவில்லை. கிளிநொச்சியில் சின்ன அறை ஒன்றில் இருந்து வேலை செய்கிற பெண் சட்டத்தரணி, அவ்வளவுதான் சொல்வேன்.

அப்பாவின் அந்தியேட்டி முடிந்த மறுநாள் அண்ணன் ஒரு மரணசாசனத்தை, அதாவது உயிலை, கொண்டுவந்து காட்டினார். எல்லாம் அவருக்கே. அம்மாவின் பெயர் ஒரு வரியில்கூட இல்லை. முதலில் போன வேறொரு லோயர் அந்தப் பேப்பரைப் புரட்டிக்கூடப் பார்க்காமல் முற்பணம் கேட்டார், எழும்பி வந்துவிட்டோம். இவரோ ஒரு மணித்தியாலம் வாசித்துவிட்டு, “தங்கச்சி, சண்டையைப் பிறகு பிடிப்பம், முதல்ல அப்பாட்ட என்ன இருந்ததெண்டு கண்டுபிடிப்பம்” என்றார். அந்த ஒரு சொல்லுக்காகவே அவரிடம் வழக்கைக் கொடுத்தேன்.

மரணசாசனம் என்றால் பத்திரம் எழுதி உறுதிப்படுத்துகிற நொத்தாரிசுக்கும் இரண்டு சாட்சிகளுக்கும் முன்னால் கையெழுத்து வைக்க வேண்டும், நொத்தாரிசு இல்லாவிட்டால் ஐந்து சாட்சிகள் வேண்டும். எங்களுடையதில் நொத்தாரிசு இருந்தார், இரண்டு சாட்சிகளும் இருந்தார்கள், ஆனால் பரந்தனில் கையெழுத்து வைத்ததாக எழுதியிருந்த திகதியில் அப்பா யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரியில் வார்ட்டில் கிடந்தார். டிக்கெற் வெட்டி வீட்டுக்கு விட்டபோது தந்த துண்டு அம்மாவின் கிளினிக் கொப்பிக்குள் மடித்தபடி இருந்தது! அப்புறம் கையெழுத்து. அப்பா தன் பெயரின் கடைசி ‘ம்’முக்குப் புள்ளி வைத்ததே இல்லை, இதில் வட்டமாக அழகாக ஒரு புள்ளி. நான் துள்ளினேன், லோயர் துள்ளவில்லை. புள்ளி மட்டும் காணாது, கையெழுத்து நிபுணரிடம் போனால் ஒப்பிடப் பழைய கையெழுத்துகள் வேண்டும் என்றார். 2009 இடப்பெயர்வில் வீட்டுப் பேப்பர்கள் முழுக்கப் போய்விட்டன. கடைசியில் கமக்காரர் (விவசாயிகள்) அமைப்பின் கூட்டக் கொப்பியைக் கேட்கச் சொன்னதும் அவர்தான், அதில் அப்பா ஆறு இடத்தில் கையெழுத்து வைத்திருக்கிறார்.

சொத்தின் பெறுமதிதான் பெரிய தலையிடி. வங்கி பிள்ளைகளுக்கு மீதியைச் சொல்லாது. மரணசாசனத்தை நிறைவேற்றுகிறவர் மாவட்ட நீதிமன்றத்தில் சொத்துப் பட்டியலையும் பெறுமதியையும் கொடுத்தே ஆக வேண்டும் என்பதை நாங்கள் அறிந்திருக்கவே இல்லை. அண்ணன் கொடுத்த பட்டியலில் வீடும் வளவும் மட்டும்தான். லோயரின் கிளாக் காணிப் பதிவகத்தில் தோம்பு (காணிப் பதிவேடு) தேடியதில் அப்பா பெயரில் பரந்தனில் இன்னும் இரண்டு பரப்புக் காணி வந்தது, ஏ9 வீதிக்குக் கிட்ட. உருத்திரபுரம் வயல் பெர்மிட் காணி, அதாவது அரசாங்கம் அனுமதிப்பத்திரத்தில் கொடுத்தது. அதற்குச் சட்டம் வேறு, பின்னுரித்தாளராக யாரைப் பதிந்திருக்கிறது என்று பிரதேச செயலகத்தில் பார்க்க அனுப்பினார், பார்த்தால் அம்மாவின் பெயர்.

அம்மா அழுத இடம் ஒன்று இருக்கிறது. வடக்குத் தமிழருக்கான மரபுச் சட்டமான தேசவழமைப்படி கலியாணத்துக்குப் பிறகு உழைத்து வாங்கியது தேடியதேட்டம், இந்த மரணசாசனம் செல்லாது என்று வந்தால் அப்பாவின் தேடியதேட்டத்தில் பாதி அம்மாவுக்கு வரும் என்று லோயர் அம்மாவின் பக்கம் திரும்பி மெதுவாகச் சொன்னார். நாற்பது வருசம் நாற்று நட்ட கை அது.

குறையும் இருக்கிறது. போன் எடுக்கவே மாட்டார். ஆட்சேபனையை நீதிமன்றத்தில் சொல்ல வேண்டிய தவணைக்கு முதல்நாள் பின்னேரம்தான் சத்தியக்கடதாசி ரைப் ஆகி வந்தது, எனக்கு நெஞ்சு அடைத்துவிட்டது. அந்தத் தவணை கைநழுவினால், நீதிமன்றம் மரணசாசனத்தை ஏற்ற பிறகு அதைத் திரும்பப் பெறச் சொல்லித் தனியாக விண்ணப்பிக்க வேண்டும், அது நீண்ட அலைச்சல். காசுக்கு ஒவ்வொரு முறையும் ரசீது தந்தார், அது பெரிய நிம்மதி.

வழக்கு இன்னும் முடியவில்லை. போகிறவர்கள் எட்டு மணிக்கே போய்விடுங்கள், ஒன்பதுக்கு முன்னம் கோர்ட்டுக்குக் கிளம்பிவிடுவார். ஆஸ்பத்திரித் துண்டு, பழைய கையெழுத்து எது இருந்தாலும் கொண்டு போங்கள்.