ஆறு குளிர்காலங்கள், இரண்டு பிள்ளைகள்: பனிச்சறுக்குக் கையுறைகள் பற்றிய எங்கள் அனுபவம்

எங்கள் வீட்டு வாசலில், பிள்ளைகளின் ஜாக்கெட்டுகள் தொங்கும் கொக்கிகளுக்கு மேலுள்ள தட்டில், ஒன்பது சோடிக் கையுறைகள் இருக்கின்றன. ஆறு குளிர்காலங்களில் வாங்கியவற்றுள் தொலைந்தவையும் கிழிந்தவையும் போக எஞ்சியவை இவை. நாங்கள் சுவிட்சர்லாந்தின் பேர்ன் நகரில் வசிக்கிறோம். இங்கே பல பள்ளிகள் பிள்ளைகளை ஒரு கிழமைப் பனிச்சறுக்கு முகாமுக்கு அழைத்துச் செல்வதுண்டு. யாழ்ப்பாணத்தில் வளர்ந்த எனக்கும் என் கணவருக்கும் இவ்விளையாட்டைப் பற்றி முன்னறிவு எதுவும் இருக்கவில்லை. சறுக்குக் கட்டைகளையும் காலணிகளையும் பருவம் முழுவதற்கும் வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம். கையுறையை மட்டும் நாமே பார்த்து வாங்க வேண்டும். பிள்ளைக்கு அந்த நாள் மகிழ்ச்சியாகக் கழியுமா, அழுகையில் முடியுமா என்பதைப் பெரும்பாலும் அதுவே தீர்மானிக்கிறது.

மகளுக்கு ஐந்து வயதானபோது, பெப்ரவரி விடுமுறையில், கிரிண்டெல்வால்ட் என்ற மலையூரில் உள்ள பொட்மி என்ற தொடக்கநிலைச் சரிவில் அவளைப் பயிற்சி வகுப்பில் சேர்த்தோம். ஒரு பேரங்காடியில் வாங்கிய, தடித்த பஞ்சு வைத்த விரல் கையுறைகளை அணிந்திருந்தாள். தண்ணீர் ஒட்டாது என்று அதன் சிட்டையில் எழுதியிருந்ததை நாங்கள் தண்ணீர் புகாது என்று புரிந்துகொண்டோம். இரண்டும் ஒன்றல்ல என்பது அன்று நண்பகலில் தெரிந்தது. வகுப்பு முடிந்து ஓடிவந்தவள், "அம்மா, விரல் இருக்கிற மாதிரியே தெரியேல்லை" என்றாள். கையுறையைக் கழற்றிப் பிழிந்தபோது சாம்பல் நிறத் தண்ணீர் பனியில் சொட்டியது. விரல் நுனிகள் வெளிறி, குளத்தில் நெடுநேரம் ஊறியவை போலச் சுருங்கியிருந்தன. என் ஜாக்கெட்டைத் திறந்து அவளது கைகளை அக்குளுக்குள் வைத்துக்கொண்டு நின்றேன். உணர்வு திரும்பத் தொடங்கிய பிறகுதான் அவள் வலியில் அழுதாள்.

அப்படி வெளிறி மரத்துப்போன விரலைத் தேய்க்கக் கூடாது, பனியைக் கொண்டு தேய்ப்பது அறவே கூடாது என்பதை இங்கே எல்லோருக்கும் சொல்லிவைக்க விரும்புகிறேன். உடற்சூட்டிலோ, 37 முதல் 39 பாகை செல்சியஸ் வரையிலான வெதுவெதுப்பான நீரிலோ மெதுவாகச் சூடேற்ற வேண்டும். நிறமும் உணர்வும் திரும்பாவிட்டால் தாமதிக்காமல் மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

கை ஏன் அவ்வளவு விரைவாகக் குளிர்ந்தது என்பதைப் பிறகு விளங்கிக்கொண்டோம். கையுறைப் பஞ்சு குளிரைத் தடுப்பது தனக்குள் பிடித்துவைத்திருக்கும் காற்றால்தான். காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு எளிதாக வெப்பத்தைக் கடத்தும் தண்ணீர் அந்த இடத்தை நிரப்பிவிட்டால், எவ்வளவு தடித்த பஞ்சாலும் பயனில்லை. பழகியவர்கள் பனியை அதிகம் தொடுவதில்லை. கற்றுக்கொள்ளும் குழந்தையோ ஒரு வகுப்பில் பல தடவை விழுந்து, ஒவ்வொரு தடவையும் உள்ளங்கையை ஊன்றி எழும்புகிறது. ஆகவே பெரியவர்களின் கையுறையைவிடக் குழந்தையின் கையுறைக்கே நீர்த்தடுப்பு அதிகம் தேவைப்படுகிறது. கடைகளில் பெரும்பாலும் இதற்கு மாறாகவே காண்கிறோம்: நல்ல நீர்த்தடுப்புப் படலம் வைத்தவை பெரியவர்களின் பிரிவில் நிறைந்திருக்க, சிறுவர்களுக்கு வண்ணப் படங்கள் அச்சிட்ட, படலமே இல்லாத கையுறைகள் அடுக்கப்பட்டிருக்கின்றன.

இரண்டாம் ஆண்டில் மிட்டனுக்கு மாறினோம். மிட்டன் என்பது கட்டைவிரலுக்கு மட்டும் தனி இடம் விட்டு, மற்ற நான்கு விரல்களையும் ஒரே அறையில் வைக்கும் கையுறை. விரல்கள் ஒன்றின் சூட்டை மற்றொன்று பெறுகின்றன, வெளிக்காற்றுக்குக் காட்டும் பரப்பும் குறைகிறது. அதனால் ஒரே துணி, ஒரே பஞ்சு என்றாலும் மிட்டன் கூடுதல் வெப்பம் தரும். சறுக்குக் கோல் பிடிக்காத வயதில் விரல்கள் பிரிந்திருக்க வேண்டிய தேவையே இல்லை. நான்கு வயதுப் பிள்ளையின் ஐந்து விரல்களையும் ஐந்து அறைகளுக்குள் சரியாக நுழைப்பது எவ்வளவு கடினம் என்பது, புறப்படும் அவசரத்தில் அதைச் செய்து பார்த்த எந்தப் பெற்றோருக்கும் தெரியும். மகனுக்கு முதலில் வாங்கியது பக்கவாட்டில் நீளமாகத் திறக்கும் ஜிப் வைத்த மிட்டன். அதை விரித்து, கையை வைத்து, ஜிப்பை இழுத்தால் போதும். இரண்டு குளிர்காலங்கள் உழைத்தது. ஏழு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு நான் தயக்கமின்றிப் பரிந்துரைப்பது இந்த வகையைத்தான்.

நீர்த்தடுப்பைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் சிட்டைகள் குழப்புவது இங்கேதான். நல்ல கையுறையில் மூன்று அடுக்குகள் உண்டு: வெளித்துணி அல்லது தோல், அதற்கு உள்ளே பை போன்ற நீர்த்தடுப்புப் படலம், அதற்கும் உள்ளே பஞ்சும் உள்ளுறையும். கோர்-டெக்ஸ் இத்தகைய படலங்களில் பெயர்பெற்றது. வேறு நிறுவனங்களும் தமக்கெனப் படலங்களை வைத்திருக்கின்றன. சிட்டையில் 10,000 மி.மீ. என்று போட்டிருந்தால், பத்து மீட்டர் உயர நீர்த்தம்பத்தின் அழுத்தத்தை அந்தத் துணி தாங்கியது என்று பொருள். தையல்களைப் பற்றி அந்த எண் எதுவும் சொல்வதில்லை. எங்களிடம் கசிந்த இரண்டு சோடிகளும் கட்டைவிரலுக்கும் உள்ளங்கைக்கும் இடையிலுள்ள தையலில்தான் கசிந்தன. வெளித்துணியின் மேலுள்ள நீர் விலக்கும் பூச்சும் நாளடைவில் தேயும். அது தேய்ந்த பிறகு, படலம் கசியாவிட்டாலும், வெளித்துணி நீரைக் குடித்துக் கனத்துக் குளிர்ந்துபோகும். உள்ளே வரும் வியர்வையும் வெளியேற முடியாது. பல பெற்றோர் இதைக் கசிவு என்று எண்ணிக் கையுறையை வீசிவிடுகிறார்கள். தெளிப்பான் கொண்டு பூச்சைப் புதுப்பித்தாலே அது மீண்டும் நன்றாகப் பயன்படும். இப்போது வரும் ஃப்ளோரின் கலக்காத பூச்சுகளை முன்பைவிட அடிக்கடி புதுப்பிக்க வேண்டியிருக்கிறது. சுற்றுச்சூழலுக்கு நல்லது என்பதால் அதை நாங்கள் மனமுவந்தே செய்கிறோம்.

மூன்றாம் ஆண்டில் வாங்கிய ஒரு விரல் கையுறை, சிட்டைப்படி எல்லாத் தகுதிகளும் கொண்டிருந்தும், எங்களுக்கு அதிகத் தொல்லை தந்தது. தண்ணீர் உள்ளே வரவில்லை, குளிரையும் தாங்கியது. ஆனால் மகள் மூக்கைத் துடைப்பதற்காக வியர்த்த கையை வெளியே எடுத்தபோது உள்ளுறையும் கையோடு ஒட்டிக்கொண்டு, சட்டைப் பையை வெளியே இழுத்துவிட்டது போல, விரல் விரலாகப் புரண்டு வந்தது. மலைமேல் ஏற்றிச் செல்லும் லிஃப்டுக்காக வரிசையில் நின்றபடி ஒவ்வொரு விரலாக உள்ளே தள்ள முயன்றேன், நுனிவரை போகவில்லை. கையை நுழைத்தால் விரல்கள் பாதியில் முட்டின. வீட்டில் ஒரு பென்சிலின் மழுங்கிய முனையால் அரை மணி நேரம் போராடித்தான் சரிசெய்ய முடிந்தது. விரல் நுனிகளில் உள்ளுறையை வெளி அடுக்கோடு சேர்த்துத் தைக்காததே காரணம். ஆகவே இப்போது கடையில் முதலில் பார்ப்பது இதைத்தான்: உள்ளுறையை நுனியருகே பிடித்து மெதுவாக இழுத்தால் அது நகரக் கூடாது. இல்லையென்றால், உள்ளுறை முழுவதும் தனியாகக் கழற்றி மாட்டக்கூடியதாக இருக்க வேண்டும்.

கை நனைவதற்கு இன்னொரு வாசல் மணிக்கட்டு. குட்டையான கையுறையை ஜாக்கெட்டின் கைக்குள் செருகுவது பெரியவர்களுக்குச் சரிவரலாம். விழுந்து உருளும் குழந்தைக்கு அது சில நிமிடங்களில் வெளியே வந்துவிடும், இடைவெளியில் பனி நுழைந்து உருகும். முழங்கை நோக்கி நீளும், ஜாக்கெட்டின் மேல் போட்டு நாடாவால் இறுக்கக்கூடிய கையுறையே எங்களுக்கு நிலைத்த பயனைத் தந்தது. அந்த நாடாவை மிட்டன் போட்ட மற்றக் கையால் குழந்தையே இழுக்க முடிகிறதா என்றும் பார்க்க வேண்டும், ஏனெனில் மலையில் பத்துப் பிள்ளைகளுக்கு ஒரே பயிற்றுநர்தான் இருப்பார். மணிக்கட்டில் மாட்டும் பாதுகாப்பு வார் இருந்தால் இன்னும் நன்று. நாங்கள் தொலைத்த மூன்று சோடிகளிலும் வார் இருக்கவில்லை.

எந்தக் காலநிலைக்காக வாங்குகிறோம் என்பதையும் எண்ண வேண்டும். ஜனவரியில் 2,061 மீட்டர் உயரத்திலுள்ள கிளைன ஷைடெக் மலைக்கணவாயில் பனி மாவு போல உலர்ந்திருக்கும், தட்டினால் உதிர்ந்துவிடும். அங்கே தேவை பஞ்சின் தடிமன். மார்ச்சில் வெப்பநிலை பூச்சியத்தைச் சுற்றி நிற்கும்போது பனி சேறாகி ஒட்டும். அங்கே தேவை படலம். கையுறையை உண்மையில் சோதிப்பது இந்த ஈரமான நாட்களே. தின்சுலேட், பிரைமாலாஃப்ட் போன்ற செயற்கை இழைகள் ஈரத்திலும் ஓரளவு வெப்பத்தைத் தக்கவைக்கின்றன. இறகுப் பஞ்சு நனைந்தால் சுருண்டுவிடும் என்பதால் குழந்தைகளுக்கு அதை நாங்கள் வாங்கவில்லை. கம்பளி உள்ளுறை ஈரத்தை உறிஞ்சிக்கொண்டும் கைக்குச் சூடாகவே இருக்கிறது.

அளவு விடயத்தில் நம்மவர்கள் ஒரு பழக்கத்தை விட வேண்டியிருக்கிறது. வளரும் பிள்ளைதானே என்று பள்ளிச் சட்டையின் விளிம்பை மடித்துத் தைத்துப் பின்னர் அவிழ்த்துவிடும் நம் அம்மாக்களின் சிக்கனம் கையுறைக்குப் பொருந்தாது. இரண்டு அளவு பெரியதை வாங்கினால் உள்ளே உள்ள வெற்றிடத்தைச் சூடாக்கவே குழந்தையின் கை உழைக்கும், பிடிமானமும் கிடைக்காது. இறுக்கமாக இருந்தாலோ பஞ்சு நசுங்கி, இரத்த ஓட்டமும் தடைப்படும். நடுவிரலின் நுனிக்கு அப்பால் அரை முதல் ஒரு சென்டிமீட்டர் இடம் இருந்தால் ஒரு குளிர்காலத்துக்கு அது போதும். கை சூடாக இருக்க உடலும் சூடாக இருக்க வேண்டும் என்பதையும் மறக்கக் கூடாது; உடல் குளிரத் தொடங்கினால் இரத்தம் முதலில் கைகால்களிலிருந்துதான் விலகுகிறது.

எங்களிடம் மிக நீண்ட காலம் உழைத்திருப்பது ஹெஸ்ட்ராவின் ஆட்டுத்தோல் உள்ளங்கை வைத்த சிறுவர் மிட்டன். 1936இல் சுவீடனின் ஹெஸ்ட்ரா என்ற ஊரில் மரம் வெட்டுவோருக்குக் கையுறை செய்யத் தொடங்கிய நிறுவனம் அது. பருவ இறுதித் தள்ளுபடியில் வாங்கியும் விலை எங்களுக்குக் கனமாகவே இருந்தது. இரண்டு குளிர்காலங்கள் மகளும், அடுத்த இரண்டு குளிர்காலங்கள் மகனும் அணிந்துவிட்டார்கள். கயிற்று லிஃப்டைப் பிடித்து ஏறும்போது செயற்கைத் தோல் ஒரே பருவத்தில் உரிந்துபோவதைக் கண்டிருக்கிறேன். இந்த ஆட்டுத்தோல் கறுத்து வழவழப்பாகியிருக்கிறதே தவிர எங்கும் கிழியவில்லை. பருவத்துக்கு மூன்று தடவை தேன்மெழுகுக் களிம்பை விரலால் தேய்த்துப் பூச வேண்டும். தையலோரங்களில் களிம்பு நன்றாகப் படிகிறதா என்று மகனே இப்போது பார்த்துச் சொல்கிறான்.

நனைந்த கையுறையை ஹீட்டர் மேல் வைத்து ஒரு சோடியை நாங்களே பாழாக்கினோம்; காலையில் தோல் அப்பளம் போல விறைத்திருந்தது. உள்ளுறையைக் கழற்றி, வெளி அடுக்குக்குள் செய்தித்தாளைச் சுருட்டி வைத்து, அறைச் சூட்டில் தொங்கவிட்டால் விடிவதற்குள் காய்ந்துவிடுகிறது. உள்ளுறை பிரியாத கையுறைகள் பெரும்பாலும் ஓரிரவில் காய்வதில்லை. ஆகையால் மகள் ஐந்தாம் வகுப்பு முகாமுக்குச் சென்றபோது இரண்டு சோடிகளையும் மெல்லிய மெரினோ கம்பளி உள்ளுறைகள் இரண்டையும் கொடுத்தனுப்பினோம்.

இந்தக் குளிர்காலத்தில் மகன் கோல் பிடிக்கப் போகிறான், தனக்கும் விரல் கையுறை வேண்டும் என்கிறான். வாங்கி வந்ததும், சிட்டையைக் கழற்றுவதற்கு முன், அவனது கையைச் சிறிது ஈரமாக்கி, துணைக்கு யாரும் இல்லாமல் அவனே பத்துத் தடவை அணிந்து கழற்றச் சொல்வேன். பத்தாவது தடவையும் உள்ளுறை வெளியே வராவிட்டால் அந்தச் சோடியை வைத்துக்கொள்வோம்.