தலையணையா, ரிக்ளைனரா, வாடகைக் கட்டிலா: டம்மி டக்குக்குப் பிறகு நான் படுத்த மூன்று படுக்கைகள்

டம்மி டக், அதாவது தொங்கும் வயிற்றுத் தோலை வெட்டி எடுத்துத் தசையைத் தைக்கும் ஆபரேஷன், முடிந்து வீட்டுக்கு வந்த முதல் இரவு, ஒன்றே முக்கால் மணிக்கு பாத்ரூம் போக வேண்டியிருந்தது. கட்டிலை விட்டு எழுந்து நிற்க எனக்குப் பதினோரு நிமிடம் ஆனது. இடுப்பில், உள்ளே சேரும் நீரை வடிக்கும் டிரெயின் குழாய் தொங்குகிறது, வயிற்றைச் சுற்றி பெல்ட், வீட்டுக்காரர் தோளைப் பிடித்துத் தூக்கப் பார்க்கிறார். அவர் தூக்கத் தூக்க என் வயிறு தானாக இறுகிக்கொள்கிறது. விடிவதற்குள் இதே போல இன்னும் இரண்டு முறை. ஆபரேஷனுக்கு முன்னால் வலி மாத்திரை பற்றி, பெல்ட் பற்றி, தழும்பு பற்றியெல்லாம் டாக்டரிடம் கேட்டிருந்தேன். எதில் படுப்பது என்று கேட்கத் தோன்றவே இல்லை.

எனக்கு இரண்டு சிசேரியன். வயிற்றின் நடுத்தசைகள் விலகிப்போய், தொப்புள் பக்கத்தில் ஹெர்னியாவும் (குடலிறக்கம்) வந்துவிட்டது. ஹெர்னியாவை அடைத்து, விலகிய தசைகளை மேலிருந்து கீழ்வரை சேர்த்துத் தைத்து, தொங்கிய தோலை வெட்டி எடுத்தார்கள். தையல் ஒரு இடுப்பிலிருந்து மறு இடுப்பு வரை. "ரெண்டு சிசேரியன் தாங்கினவ, இதைத் தாங்க மாட்டியா?" என்று அம்மா தைரியம் சொன்னார். சிசேரியனில் வயிற்றுத் தசையை விலக்கிவிட்டுப் போகிறார்கள். இதில் அந்தத் தசையையே இழுத்துத் தைக்கிறார்கள். அதனால் வலியின் தன்மையே வேறு. தோல் குறைந்துவிட்டதால் மல்லாந்து நீட்டிப் படுத்தால் தையல் இழுக்கும். தசையைத் தைத்திருப்பதால் வயிற்றை ஊன்றி எழுந்திருக்கவும் முடியாது. முதுகு உயர்ந்து, முழங்கால் மடங்கி, கடற்கரை சாய்வு நாற்காலியில் கிடப்பது போல் கிடக்க வேண்டும். முதல் வாரம் நடப்பதும் கூனித்தான்.

மாத்திரை விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வலி வந்த பிறகு போடுவதா, மணி பார்த்துப் போடுவதா என்றால் முதல் ஐந்து நாளுக்கு மணி பார்த்துத்தான். நான் வீரம் காட்டி ஒரு இரவு மாத்திரையைத் தள்ளிப்போட்டேன். நாலு மணிக்கு ஏறிய வலி இறங்க எட்டு மணி ஆனது. அப்புறம் போனில் அலாரம் வைத்துக்கொண்டேன். ஒன்றை மட்டும் கவனியுங்கள். டிரமடால் கலந்த வலி மாத்திரைகள் பலவற்றில் பாராசிட்டமாலும் இருக்கிறது. அதோடு வீட்டில் இருக்கிற டோலோவையும் போட்டால் பாராசிட்டமால் இரட்டிப்பாகும். எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு 4 கிராமைத் தாண்டக் கூடாது. உங்கள் டாக்டர் அதைவிடக் குறைவாகச் சொன்னால் அதுதான் கணக்கு. தூக்கம் வரவில்லையே என்று உறவினர் ஒருவர் தன்னுடைய தூக்க மாத்திரையைத் தர வந்தார். டிரமடாலோடு அதைச் சேர்த்தால் மூச்சு மந்தமாகிவிடும் என்று டாக்டர் கண்டிப்பாக மறுத்துவிட்டார். டிரமடால் மலச்சிக்கலும் கொடுக்கும். இந்த நிலையில் முக்குவது இருமுவதைவிடக் கொடுமை. முதல் நாளிலேயே மலமிளக்கி கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

இனி படுக்கைக்கு வருகிறேன்.

முதல் இரண்டு இரவு எங்கள் கட்டிலில், தலையணைகளோடு. முதுகுக்கு நான்கு, முழங்காலுக்கு அடியில் இரண்டு, பக்கத்துக்கு ஒன்று. செலவு இல்லை, நம் அறை, நம் ஃபேன். படுத்த அரை மணி நேரம் நன்றாகத்தான் இருக்கும். அப்புறம் தலையணைகள் ஒவ்வொன்றாக விலகும், உடம்பு மெல்லச் சறுக்கிக் கீழே வரும், இடுப்பில் தையல் இழுக்க ஆரம்பிக்கும். மேலே ஏறிப் படுக்க வேண்டுமென்றால் குதிகாலை ஊன்றி இடுப்பைத் தூக்க வேண்டும். அதற்கும் வயிறுதான் வேண்டும். எங்களுடையது இலவம்பஞ்சு மெத்தை, நடுவில் பள்ளம் வேறு. கெட்டியான மெத்தையும் சரிவாக வெட்டிய பெரிய ஸ்பான்ஜ் தலையணையும் இருந்தால் இவ்வளவு மோசமாக இருக்காது என்று நினைக்கிறேன். நான் அதில் படுத்ததில்லை.

மூன்றாம் நாள் நாத்தனார் வீட்டு ரிக்ளைனரை, அதாவது முதுகு சாய்ந்து கால் பலகை உயரும் சோபா நாற்காலியை, கொண்டுவந்து போட்டார்கள். இணையத்தில் இந்த ஆபரேஷன் பற்றி எழுதும் அமெரிக்கப் பெண்கள் பாதிப் பேர் ரிக்ளைனரைத்தான் கொண்டாடுகிறார்கள். சாய்ந்த நிலையில் அது தரும் சுகம் உண்மை. முதுகும் முழங்காலும் தானாகச் சரியான கோணத்தில் நிற்கும், சறுக்குவது கிடையாது. அன்று மத்தியானம் இரண்டு மணி நேரம் ஒரே மூச்சில் தூங்கினேன். ஆபரேஷனுக்குப் பிறகு அதுதான் முதல் நல்ல தூக்கம்.

எழுந்திருக்கும்போதுதான் வினை. அது நெம்புகோல் வைத்த பழைய மாடல். கால் பலகையை மடக்க இரண்டு குதிகாலாலும் கீழே அழுத்த வேண்டும், அதே நேரம் உடம்பை முன்னால் தள்ள வேண்டும். அழுத்தியதும் அடிவயிற்றில் சுரீரென்றது. பயந்துபோய்க் கத்திவிட்டேன். அடுத்த முறையிலிருந்து பலகையை மகள்தான் மடக்கினாள். பொத்தான் அழுத்தினால் மோட்டாரில் இயங்கும் ரிக்ளைனருக்கு இந்தத் தொல்லை கிடையாது. கடையில் அதில் ஐந்து நிமிடம் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன், அவ்வளவுதான். இரவு முழுக்கப் படுத்தால் எப்படி இருக்கும் என்பதை அதில் படுத்தவர்களிடம்தான் கேட்க வேண்டும். எங்களுடையதில் ரெக்சின் வேறு, மதுரை மே மாத வெயில் வேறு. பெல்ட்டுக்குள் வியர்த்து முதுகெல்லாம் அரிப்பு.

ஐந்தாம் நாள் வாடகைக்கு ஆஸ்பத்திரிக் கட்டில் எடுத்தோம். ஃபௌலர் கட்டில் என்று கேட்டால் மருத்துவச் சாதனங்கள் வாடகைக்கு விடும் கடைகளில் தெரியும். முன்பணம் வாங்கிக்கொண்டு மாத வாடகைக்குத் தருவார்கள். இதில் செமி ஃபௌலர் என்றால் முதுகுப் பக்கம் மட்டும் உயரும்; கால்மாட்டில் ஒரே ஒரு ஹேண்டில் இருக்கும். முழு ஃபௌலரில் இரண்டு ஹேண்டில், முழங்கால் பக்கமும் உயரும். முழு ஃபௌலரையே எடுங்கள். முழங்கால் உயர்ந்திருந்தால்தான் உடம்பு சறுக்காமல் நிற்கும். கடைக்காரர் முதலில் எங்களிடம் செமியைத்தான் தள்ளப் பார்த்தார்.

ஆனால் நான் இந்தக் கட்டிலைச் சிபாரிசு செய்வது சாய்மானத்துக்காக இல்லை, அது ரிக்ளைனரிலும் உண்டு. எழுந்திருப்பதற்காக. ஒரு இரவில் எத்தனை முறை எழுந்திருக்கிறோம் என்று எண்ணிப் பாருங்கள்: பாத்ரூமுக்கு இரண்டு முறை, மாத்திரைக்கு ஒரு முறை, டிரெயினைக் காலி செய்து அளவு குறிக்க ஒரு முறை, காலில் ரத்தம் உறைந்து கட்டிவிடாமல் இருக்க நாலு அடி நடக்க ஒரு முறை. வலியே இல்லாமல் படுத்திருந்தாலும் ஒவ்வொரு முறை எழுந்திருக்கவும் பத்து நிமிடம் போராடினால் தூக்கம் போய்விடும். அதைவிட மோசம், எழுந்திருக்கப் பயந்து தண்ணீரைக் குறைப்போம். நான் குறைத்தேன். மலச்சிக்கல் கூடியது.

இந்தக் கட்டிலில் எழுந்திருக்கும் வேலையைக் கை எடுத்துக்கொள்கிறது. முதுகுப்பக்கம் ஏற்கெனவே உயர்ந்திருக்கும். முழங்காலை ஒட்டினாற்போல் வைத்துக்கொண்டு, மரக்கட்டை உருளுவது போல முழு உடம்பாக ஒருக்களிக்க வேண்டும். தோள் முதலில், இடுப்பு பிறகு என்று முறுக்கக் கூடாது. மேல் கையால் பக்கக் கம்பியைப் பிடித்து, கீழ் முழங்கையை மெத்தையில் ஊன்றி, மூச்சை வெளியே விட்டுக்கொண்டே இரண்டு காலையும் ஓரத்தில் இறக்கினால், கால் கீழே போகப் போக உடம்பு தானாக மேலே வரும். தராசுத் தட்டு மாதிரி. கம்பி முழு நீளமாக இருந்தால் கால் இறக்க முடியாது. தலைப்பக்கம் பாதி மட்டும் நிற்கிற கம்பியாகப் பாருங்கள். இதே முறையை வீட்டுக் கட்டிலிலும் செய்யலாம், செய்தும் பார்த்தேன். பிடிக்கக் கம்பி இல்லாததால் பாதியில் வயிறு வேலையைப் பிடுங்கிக்கொள்கிறது.

இன்னொன்று உயரம். எங்கள் கட்டில் தாழ்வு. ஓரத்தில் உட்கார்ந்தால் முழங்கால் இடுப்புக்கு மேலே நிற்கும், அங்கிருந்து எழும்புவது அதல பாதாளத்திலிருந்து எழும்புவது போல். வாடகைக் கட்டில் உயரமானது. ஓரத்துக்கு வந்து பாதத்தைத் தரையில் வைத்தால் பாதி எழுந்தாகிவிட்டது. பதினோரு நிமிடம் இரண்டு நிமிடமானது. ஆறாம் நாள் இரவு வீட்டுக்காரரை எழுப்பாமல் தனியாகப் போய்வந்தேன். அவர் காலையில்தான் கேட்டார், "ராத்திரி நீ எந்திரிக்கவே இல்லையா?"

குறைகளும் இருக்கின்றன. கோணத்தை மாற்ற வேண்டுமானால் ஹேண்டில் கால்மாட்டில் இருக்கிறது, படுத்திருப்பவருக்கு எட்டாது. இன்னொருவர் குனிந்து சுற்ற வேண்டும். ரிமோட் வைத்த மோட்டார் கட்டிலும் கிடைக்கிறது, வாடகை அதிகம். தனியாக இருப்பவர்கள் அதற்குச் செலவழிப்பது நியாயம். கூட வரும் ரெக்சின் உறை போட்ட மெத்தை தடிமன் குறைவு, வாசனையும் இருந்தது. நான் நம் வீட்டுப் பருத்திப் போர்வை இரண்டை மடித்து மேலே விரித்தேன். மாடி வீடென்றால் படிக்கட்டுத் திருப்பத்தில் ஏறுமா என்று அளந்துவிட்டு முன்பணம் கொடுங்கள். சக்கரத்துக்குப் பிரேக் பிடிக்கிறதா என்று அவர்கள் இருக்கும்போதே தள்ளிப் பாருங்கள். எங்களுக்கு வந்த முதல் கட்டிலில் ஒரு சக்கரம் பிடிக்கவில்லை, மாற்றித் தந்தார்கள்.

எந்தப் படுக்கையானாலும் இரண்டு விஷயம் பொது. முழங்காலுக்குக் கீழே வைக்கும் தலையணை முழங்காலின் பின்குழியை அழுத்தாமல், தொடையிலிருந்து கெண்டைக்கால் வரை பரவலாகத் தாங்க வேண்டும். கணுக்காலை அடிக்கடி மேலும் கீழும் ஆட்டுங்கள். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, மூச்சு வாங்கினாலோ விடியும் வரை காத்திருக்காதீர்கள், உடனே ஆஸ்பத்திரி. அடுத்தது, வெந்நீர்ப் பை. வயிறு இழுக்கிறதே என்று அம்மா அன்போடு கொண்டுவந்தார். தொப்புளுக்குக் கீழே பல மாதங்களுக்குத் தோல் மரத்திருக்கும், சுட்டாலும் தெரியாது. கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும். வைக்கவே வைக்காதீர்கள்.

டிரெயின் அளவு ஒரு நாளைக்கு 30 மில்லிக்குக் கீழே வந்ததும் பத்தாம் நாள் குழாயை எடுத்தார்கள். அன்றிலிருந்து முதுகுப் பக்கத்தை நாளுக்கு ஒரு சுற்று இறக்கிக்கொண்டே வந்தோம். இழுத்தால் மறுநாள் அதே சுற்றில் நிறுத்தினோம். இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்வதைத் தலையணையில் அளந்து செய்ய முடியவில்லை. மூன்றாம் வாரக் கடைசியில் ஏறக்குறைய சமமாகப் படுத்தேன். மாதம் முடிந்து கட்டிலைத் திருப்பிக் கொடுத்த அன்று, டாக்டர் சம்மதத்தோடு, வயிற்றுக்கு ஒரு சின்னத் தலையணையை அணைத்துக்கொண்டு எங்கள் பழைய கட்டிலில் ஒருக்களித்துப் படுத்தேன். மெத்தைப் பள்ளம் அப்படியேதான் இருந்தது. ஆறு மணி வரை விழிக்கவில்லை.