ஸ்லைடா, ஆறு பக்கக் குறிப்பா?

மீட்டிங் என்றாலே நமக்குப் பவர்பாயின்ட்தான். ஒருவர் பேசுவார், மற்றவர்கள் திரையைப் பார்ப்பார்கள், பாதிப்பேர் மேசைக்கடியில் வாட்ஸ்அப் பார்ப்பார்கள். 2004-இல் அமேசானின் ஜெஃப் பெசோஸ் மூத்த நிர்வாகிகளின் கூட்டங்களில் பவர்பாயின்டை நிறுத்தினார். பதிலுக்கு வந்தது, முழு வாக்கியங்களில் எழுதிய ஆறு பக்கக் குறிப்பு. கூட்டம் தொடங்கியதும் எல்லாரும் அங்கேயே உட்கார்ந்து சத்தமில்லாமல் அதைப் படிப்பார்கள். பேச்சு அதற்குப் பிறகுதான். முன்கூட்டியே அனுப்பினால் படிக்காமலேயே தலையாட்டுவார்கள் என்பது தெரிந்த கதைதானே!

ஸ்லைடு போடுவது சுலபம். அந்தச் சுலபம்தான் சிக்கலும்: 'விற்பனை உயரும்' என்று ஒரு வரி போட்டுவிட்டு, எப்படி, எதனால் என்பதை வாயாலேயே சமாளித்துவிடலாம். குறிப்பில் அது நடக்காது. 'ஏனென்றால்' என்று எழுதியே ஆக வேண்டும். எழுத உட்காரும்போதே பாதி யோசனைகள் உதிர்ந்துவிடும். ஆனால் நல்ல குறிப்புக்கு நாள்கணக்கில் உழைப்பு வேண்டும். வேலை நன்றாகத் தெரிந்தும் எழுத்து வராதவர்கள் இதில் பின்தங்குவார்கள்.

முடிவெடுக்கும் கூட்டம் என்றால் என் ஓட்டு குறிப்புக்கு. சின்ன டீமுக்கு ஆறு பக்கமெல்லாம் அதிகம், இரண்டே போதும். வரைபடமோ டிசைனோ காட்டத்தான் கூடுகிறீர்கள் என்றால் தாராளமாக ஸ்லைடையே போடுங்கள்.