சிபாப் மெஷினா, எடைக் குறைப்பா?

தூக்கத்தில் மூச்சு தடைபடுவது ஸ்லீப் டெஸ்டில் தெரிந்தால், உடல் பருமன் உள்ளவரிடம் டாக்டர் இரண்டையும்தான் சொல்வார்: ராத்திரி சிபாப் (மாஸ்க் வழியாகக் காற்றை அழுத்தி உள்ளே அனுப்பும் மெஷின்) போடுங்கள், எடையையும் குறையுங்கள். பாதிப் பேர் முதலாவதோடு நின்றுவிடுகிறோம். இரண்டையும் செய்து பார்த்தவன் என்ற முறையில் என் ஓட்டு எடைக் குறைப்புக்கு.

மெஷினின் பலம் வேகம். போட்ட அன்றிரவே தொண்டை மூடிக்கொள்ளாமல் காற்றழுத்தம் தாங்கிப் பிடிக்கும். மணிக்கு 30 தடவைக்கு மேல் மூச்சு தடைபடுகிறவர்கள் யோசிக்கவே வேண்டாம், முதலில் அதுதான்.

ஆனால் அதைக் கட்டிக் காப்பது தனி வேலை. மாஸ்க்கை தினமும் துடைக்க வேண்டும், காற்றை ஈரமாக்கும் தொட்டிக்கு டிஸ்டில்டு வாட்டர் வாங்க வேண்டும், ஃபில்டர் மாற்ற வேண்டும். பட்டை தளர்ந்தால் காற்று கசிந்து நேரே கண்ணில் அடிக்கும்; இறுக்கினால் காலையில் மூக்குத்தண்டு சிவந்திருக்கும். கரண்ட் போனால் அதோடு சரி. கல்யாண வீட்டில் பத்துப் பேரோடு படுக்கும்போது அதை மாட்டிக்கொள்ள எனக்கு மனசு வந்ததில்லை. போடாத இரவில் பலனும் இல்லை.

எடை விஷயம் அப்படி இல்லை. இளைக்கும்போது நாக்கிலுள்ள கொழுப்பும் கரைகிறது. மூச்சு சீராவதற்கு அதுவே முக்கியக் காரணம் என்று பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வு 2020-ல் எம்ஆர்ஐ எடுத்துக் காட்டியது. என்னை மாற்றியது இன்னொரு ஆய்வு. ஸ்லீப் அஹெட் என்ற அமெரிக்க ஆய்வில், சர்க்கரை நோயும் பருமனும் உள்ளவர்கள் உணவுக் கட்டுப்பாடு, நடை என்று ஒரு வருடத்தில் சராசரியாகப் பத்து கிலோவுக்கு மேல் குறைத்தார்கள். மூச்சுத் தடை கணிசமாகக் குறைந்தது. நாலாம் வருடத்துக்குள் குறைத்ததில் பாதி எடை திரும்பி வந்துவிட்டது (நம் கதைதான்!), ஆனால் மூச்சில் கிடைத்த முன்னேற்றம் பெரும்பாலும் நிலைத்தது. கொஞ்சம் சறுக்கினாலும் எல்லாம் போய்விடுவதில்லை என்பதுதான் எனக்குப் பெரிய தெம்பு.

முழுக்கக் குணமாகுமா? அதே ஆய்வில் முதல் வருட முடிவில் நோயே இல்லை என்ற நிலைக்கு வந்தவர்கள் ஏழில் ஒருவர்தான். ஒல்லியாக இருந்தும் சின்னத் தாடையால் மூச்சு அடைபடுகிறவர்களுக்கு இந்த வாதம் பொருந்தாது. எடையைக் குறைக்கும் டிர்செபடைட் ஊசியை, பருமன் உள்ளவர்களின் இந்த மூச்சுத் தடைக்கென்றே 2024 டிசம்பரில் அமெரிக்கா அனுமதித்திருக்கிறது; நான் போட்டதில்லை, அதனால் அதைப் பற்றிச் சொல்ல என்னிடம் அனுபவம் இல்லை.

எடை இறங்கும்வரை மெஷினை விடாதீர்கள். குறட்டை நின்றுவிட்டது என்று வீட்டில் சொல்வதை வைத்து அதைப் பரணில் ஏற்றவும் கூடாது. மறுபடி டெஸ்ட் எடுத்து டாக்டர் சொன்ன பிறகுதான். எனக்கு மிதமான நிலை லேசானதாக இறங்கியிருந்தது. மல்லாந்து படுத்தால் மட்டும் இன்னும் தடைபடுகிறது என்பதும் அந்த ரிப்போர்ட்டில்தான் தெரிந்தது. அதற்கு ஒருக்களித்துப் படுக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர்.